ஜூலை மாதத்து ஹீரோக்கள்: சம்மர் லீக்கை வைத்து ஒரு ஆட்டக்காரனை எடைபோட முடியுமா?

2012 ஜூலை. லாஸ் வேகஸ் சம்மர் லீக் முடிந்து, சிறந்த ஆட்டக்காரர் விருதை இரண்டு பேருக்குப் பகிர்ந்து கொடுத்தார்கள். ஒருவர் டேமியன் லில்லார்ட். வீபர் ஸ்டேட் என்ற, பெரிய கூடைப்பந்துப் பெயர் இல்லாத கல்லூரியிலிருந்து வந்து, அந்த வருட டிராஃப்டில் 6-வது ஆளாக போர்ட்லாண்ட் அணிக்குப் போனவர். இன்னொருவர் ஜாஷ் செல்பி. அதற்கு முந்தைய வருடம் 49-வது ஆளாக மெம்ஃபிஸ் அணி எடுத்த பையன்.

அந்த ஜூலையில் இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், செல்பி ஒன்றும் குறைந்தவராகத் தெரியவில்லை. மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியிலிருந்து 42 தடவை எறிந்து 27-ஐ உள்ளே போட்டார். கிட்டத்தட்ட 64 சதவீதம்! என்பிஏவில் 40 சதவீதம் போட்டாலே பெரிய கைகாரன் என்பார்கள்.

அடுத்து என்ன ஆச்சு? லில்லார்ட் அந்த சீசனில் ஒரு ஓட்டுகூடப் பிரியாமல் சிறந்த புதுமுகம் ஆனார். 2023 பிப்ரவரியில் ஒரே ஆட்டத்தில் 71 புள்ளி எடுத்தார். என்பிஏவின் 75-வது ஆண்டு பெருமைப் பட்டியலிலும் அவர் பெயர் இருக்கிறது. செல்பியை 2013 ஜனவரியில் மெம்ஃபிஸ் அணி கிளீவ்லாண்டுக்குக் கைமாற்றியது. சில வாரங்களில் அவர்களும் விடுவித்துவிட்டார்கள். மொத்தம் 40 என்பிஏ ஆட்டம்கூட ஆடவில்லை மனுஷன்.

ஒரே ஊர், ஒரே வாரம், ஒரே விருது. ஆனால் இரண்டு வெவ்வேறு வாழ்க்கை. "விளையும் பயிர் முளையிலே தெரியும்" என்று நம் ஊரில் சொல்வோம் இல்லையா? அந்தப் பழமொழியை வைத்துப் பார்த்தால் ஜூலையில் முளைவிட்ட இந்த இரண்டு பயிருமே விளைந்திருக்க வேண்டும். அது ஏன் நடக்கவில்லை என்பதைத்தான் இந்தக் குறிப்பில் தோண்டிப் பார்க்கிறேன்.

இது என்ன லீக்?

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. என்பிஏ சீசன் அக்டோபரில் தொடங்கி ஜூனில் முடியும். ஜூன் கடைசியில் டிராஃப்ட். கல்லூரியிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் வரும் இளைஞர்களை அணிகள் வரிசையாக நின்று எடுத்துக்கொள்ளும் ஏலம் இல்லாத ஏலம் அது. அதற்கு இரண்டு வாரத்துக்குள் ஜூலையில் சம்மர் லீக்.

கோடைக்காலப் பயிற்சி ஆட்டங்கள் அதற்கு முன்பே பல ஊர்களில் இருந்தன. லாங் பீச்சில் நடந்தது, பாஸ்டனில் நடந்தது, யூட்டாவில் ராக்கி மவுண்டன் ரெவ்யூ என்ற பெயரில் பல வருடம் நடந்தது. ஆர்லாண்டோவில் 2002 முதல் 2017 வரை ஒன்று ஓடியது. அங்கே பொதுமக்களுக்கு அனுமதியே கிடையாது. அணி நிர்வாகிகளும் பயிற்சியாளர்களும் மட்டும் உட்கார்ந்து பார்ப்பார்கள். அதாவது இவையெல்லாம் அடிப்படையில் பட்டறைகள். வேலை கற்றுக்கொடுக்கிற இடம், வேலைக்கு ஆள் பார்க்கிற இடம்.

2004-ல் வாரன் லெகாரி என்ற ஏஜென்ட், ஆல்பர்ட் ஹால் என்பவரோடு சேர்ந்து லாஸ் வேகஸில் 6 அணிகளை வைத்து ஒன்றை ஆரம்பித்தார். 2007-ல் என்பிஏ அதில் அதிகாரபூர்வமாகக் கைகோர்த்தது. 2018-ல் 30 அணிகளும் அங்கே வந்து இறங்கின. டிக்கெட் விற்றார்கள், டிவியில் காட்டினார்கள். 2006-லிருந்து சிறந்த ஆட்டக்காரர் விருதும் கொடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். பட்டறை மெல்ல மெல்ல திருவிழா ஆனது. திருவிழா என்றால் கூட்டம், கூட்டம் என்றால் தீர்ப்பு. இப்போது 19 வயதுப் பையன் ஒருவன் முதல் ஆட்டத்தில் மூன்று எறியைத் தவறவிட்டால், பாதி ஆட்டம் முடிவதற்குள் அவன் வாழ்க்கைக்கே மார்க் போட்டுவிடுகிறோம். நானும் அப்படி மார்க் போட்டவன்தான்.

2009: ஒரே அணியில் இருவர்

எனக்கு ரொம்பப் பிடித்த உதாரணம் 2009 கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் அணி. அந்த ஜூலையில் வேகஸே பேசிய பெயர் ஆந்தனி ராண்டால்ஃப். ஏறத்தாழ 7 அடி உயரம், அந்த உயரத்தில் பந்தைத் தட்டிக்கொண்டு ஓடுகிற லாவகம், இடதுகைக்காரர். முந்தைய வருடம் 14-வது ஆளாக எடுக்கப்பட்டவர். ஒரு ஆட்டத்தில் 42 புள்ளி எடுத்து, வேகஸில் அதுவரை இருந்த சாதனையைச் சமன் செய்தார். அடுத்த பெரிய நட்சத்திரம் இவர்தான் என்று எழுதினார்கள்.

அதே அணியில் ஒல்லியாக, சின்னப் பையன் முகத்தோடு ஒரு புதுமுகம் ஆடிக்கொண்டிருந்தார். எறிந்ததில் மூன்றில் ஒன்றுதான் விழுந்தது. பெயர் ஸ்டெஃபன் கரி.

ஒரு வருடத்தில், 2010 ஜூலையில், வாரியர்ஸ் ராண்டால்ஃபை நியூயார்க்குக்குக் கைமாற்றியது. என்பிஏவில் அவரால் நிலைக்க முடியவில்லை. கரியின் கதையை நான் சொல்ல வேண்டியதில்லை, கூடைப்பந்தே பார்க்காதவர்களுக்கும் தெரியும்.

ஆனால் ராண்டால்ஃப் கதை அங்கேயே முடியவில்லை, அதையும் சொல்லியாக வேண்டும். ஐரோப்பா போனார். 2017-ல் ஸ்லோவேனியாவுக்காக ஆடி ஐரோப்பிய சாம்பியன் ஆனார். 2018-ல் ரியல் மாட்ரிட் அணியோடு யூரோலீக் கோப்பை. ஆக, 2009-ல் வேகஸில் தெரிந்த திறமை பொய் இல்லை. அந்தத் திறமை எந்த மண்ணில் விளையும் என்பதைத்தான் எல்லோரும் தப்பாகக் கணித்தார்கள்.

தலைகீழ் கதைகள்

2018-ல் டிரே யங் யூட்டாவில் நடந்த சம்மர் லீக்கில் அட்லாண்டா அணிக்காக முதல் தடவையாக இறங்கினார். 20 எறி எறிந்து 4 மட்டும். மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே 11-க்கு 1. போதாக்குறைக்கு எதிரணியில் ஜாரன் ஜாக்சன் ஜூனியர் என்ற உயரமான பையன் 13 மூன்று புள்ளி எறிகளில் 8-ஐப் போட்டு 29 புள்ளி எடுத்துக்கொண்டிருந்தார். லூகா டான்சிச்சை விட்டுக்கொடுத்துவிட்டு இந்தப் பையனையா வாங்கினார்கள் என்று இணையமே சிரித்தது. மூன்று வருடம் கழித்து, 2021-ல், அதே யங் அட்லாண்டாவை கிழக்கு மாநாட்டு இறுதி வரை இழுத்துக்கொண்டு போனார்.

அதற்கும் முந்தைய வருடம் லான்சோ பால். லேக்கர்ஸ் அணிக்கு முதல் ஆட்டம். 15-க்கு 2. வெளியிலிருந்து 11-க்கு 1, யங் போட்ட அதே கணக்கு. அன்று இரவு லேக்கர்ஸ் ரசிகர்கள் தூங்கியிருக்க மாட்டார்கள். பத்து நாள் கழித்து அந்த லீக்கின் சிறந்த ஆட்டக்காரர் விருது யாருக்கு? லான்சோ பாலுக்கே! ஒரே பந்தயத்துக்குள்ளேயே தீர்ப்பு தலைகீழாக மாறிவிட்டது.

2023-ல் விக்டர் வெம்பன்யாமா. ஒரு தலைமுறைக்கு ஒருவர் என்று சொல்லி இறக்கப்பட்டவர் முதல் ஆட்டத்தில் 13-க்கு 2, மொத்தம் 9 புள்ளி. "இதுக்கா இவ்ளோ சத்தம்?" என்று கேட்டவர்கள் உண்டு. இரண்டு நாள் கழித்து 27 புள்ளி, 12 ரீபவுண்ட். அதோடு போதும் என்று அணி அவரை உட்கார வைத்துவிட்டது.

அதிலும் விசித்திரம் 2019. சயன் வில்லியம்சன் முதல் ஆட்டம் ஆடுகிறார், அரங்கம் நிரம்பி வழிகிறது. கலிஃபோர்னியாவில் ஏற்பட்ட நிலநடுக்கம் வேகஸ் வரை உலுக்க, ஆட்டத்தையே பாதியில் நிறுத்திவிட்டார்கள். அதற்கு முன்பே முட்டியில் அடிபட்டு அவர் வெளியேறியிருந்தார். மொத்தம் 9 நிமிடம். அந்த 9 நிமிடத்தை வைத்தும் பக்கம் பக்கமாக எழுதினார்கள்.

ஏன் இப்படி? கொஞ்சம் கணக்கு

முதல் காரணம் எளிமையானது: ஆட்டங்கள் ரொம்பக் குறைவு.

ஒரு கற்பனை ஆட்டக்காரரை எடுத்துக்கொள்ளுங்கள். உண்மையிலேயே 35 சதவீதம் மூன்று புள்ளி போடக்கூடியவர். சம்மர் லீக்கில் 5 ஆட்டம், ஆட்டத்துக்கு 6 எறி. மொத்தம் 30. சராசரியாக 10 அல்லது 11 விழ வேண்டும். ஆனால் வெறும் அதிர்ஷ்டத்தாலேயே, நான்கு தடவைக்கு ஒரு தடவை, ஒன்று 7 அல்லது அதற்குக் கீழே விழும், இல்லையென்றால் 14 அல்லது அதற்கு மேலே போகும். 7 விழுந்தால் 23 சதவீதம்: "இவனுக்கு எறியவே தெரியாது". 14 விழுந்தால் 47 சதவீதம்: "அடுத்த கரி". ஆள் ஒருவர்தான், கையும் அதே கைதான்.

யங், லான்சோ இருவரும் போட்ட அந்த 11-க்கு 1-ஐயும் இதே கணக்கில் போடலாம். 35 சதவீதக்காரர் 11 தடவை எறிந்தால் ஒன்றோ, ஒன்றுமே இல்லாமலோ விழுவதற்கான வாய்ப்பு சுமார் 6 சதவீதம். 82 ஆட்டத்திலும் அப்படி எறிந்தால் சீசனுக்கு ஐந்து தடவை நடக்கும். சீசன் நடுவே நடந்தால் யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். முதல் ஆட்டத்தில் நடந்தால் முத்திரை குத்திவிடுவோம், அவ்ளோதான் வித்தியாசம். கரிக்கே 2016 நவம்பரில் ஒரு நாள் 10-க்கு 0. அடுத்த ஆட்டத்தில் 13 மூன்று புள்ளி போட்டு அப்போதைய உலகத்தின் வாயை அடைத்தார். கரி அதற்குள் இரண்டு தடவை எம்விபி என்பதால் அந்தப் பூஜ்யத்தை யாரும் தீர்ப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. புதுமுகத்துக்கு அந்தச் சலுகை இல்லை.

இரண்டாவது காரணம், அங்கே நடப்பது வேறு ஆட்டம். 48 நிமிடத்துக்குப் பதில் 40 நிமிடம். என்பிஏவில் 6 ஃபவுல் வாங்கினால் வெளியே போக வேண்டும், இங்கே 10 வரை ஆடலாம். அணியினர் சேர்ந்து பயிற்சி எடுத்தது சில நாட்கள்தான். பக்கத்தில் நிற்கிற சக வீரனுக்கும் வேலை வேண்டும், அதனால் அவனும் எறியத்தான் பார்ப்பான், பந்து உங்கள் கைக்கு வராது. இந்த நிலைமையில் பந்தைத் தானே வைத்துக்கொண்டு தனக்கான எறியைத் தானே உருவாக்கத் தெரிந்தவன் ஜொலிப்பான். என்பிஏ அணியிலோ அந்த வேலைக்கு ஏற்கெனவே ஒரு நட்சத்திரம் இருப்பார். புதுமுகத்திடம் கேட்பது வேறு: மூலையில் நில், தடுப்பாட்டம் ஆடு, பந்து வந்தால் போடு. ஜூலையில் பரீட்சை ஒரு பாடத்தில், அக்டோபரில் வேலை இன்னொரு பாடத்தில்.

மூன்றாவது காரணம் வயதும் அனுபவமும். விருதுப் பட்டியலை உற்றுப் பார்த்தபோதுதான் எனக்கு இது பிடிபட்டது. 2013 யோனாஸ் வலன்சியூனாஸ், 2014 க்ளென் ரைஸ் ஜூனியர், 2015 கைல் ஆண்டர்சன், 2016 டயஸ் ஜோன்ஸ், 2018 ஜாஷ் ஹார்ட். இவர்களில் ஒருவர்கூட புதுமுகம் இல்லை. எல்லோரும் ஒரு என்பிஏ சீசனை முடித்துவிட்டு வந்தவர்கள். 2012 செல்பியும், 2009 ராண்டால்ஃபும் அப்படியே. ஏழாம் வகுப்பு முடித்த பையன் ஆறாம் வகுப்புப் பரீட்சை எழுதின மாதிரி. அதில் நூறு வாங்கினால் சந்தோஷம், ஆனால் அவன் மேதை என்பதற்கு அது சாட்சி ஆகாது. ரைஸ் ஜூனியரை விருது வாங்கிய அரை வருடத்தில், 2015 ஜனவரியில், வாஷிங்டன் அணி விடுவித்தது.

இன்னொரு கோணத்திலும் பாருங்கள். பிளேக் கிரிஃபின், ஜான் வால், லில்லார்ட் என்று நட்சத்திரங்கள் அந்த விருதை வாங்கியிருக்கிறார்கள், உண்மைதான். ஆனால் வேகஸ் விருது வாங்கிய ஒருவர்கூட இதுவரை என்பிஏவின் சீசன் எம்விபி ஆனதில்லை. எம்விபி ஆனவர்களில் கரி 2009-ல் அங்கே ஆடினார், ஷே கில்ஜஸ் அலெக்சாண்டர் 2018-ல் ஆடினார், விருது வேறு யாருக்கோ போனது. நிகோலா யோகிச் 2015-ல் ஆடினார். 41-வது ஆளாக எடுக்கப்பட்டவர், அவர் பெயரை அறிவித்த நேரத்தில் டிவியில் டாக்கோ பெல் விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. வேகஸிலும் ஆட்டத்துக்குச் சராசரி 10 புள்ளியை எட்டவில்லை. பிற்பாடு மூன்று எம்விபி, 2023-ல் சாம்பியன்.

அப்படியென்றால் எல்லாமே வீணா?

இல்லை. இங்கேதான் நானே என் பழைய கருத்தை மாற்றிக்கொண்டேன். "சம்மர் லீக்கில் ஒன்றுமே இல்லை" என்பதும் சோம்பேறித்தனமான தீர்ப்புதான்.

2010-ல் ஹார்வர்டில் படித்த ஒரு பையனை எந்த அணியும் டிராஃப்டில் எடுக்கவில்லை. டல்லஸ் அணி வேகஸுக்கு மட்டும் கூட்டிக்கொண்டு வந்தது. அந்த வருடம் முதல் ஆளாக எடுக்கப்பட்ட ஜான் வாலுக்கு எதிராகக் கடைசிக் கால்பகுதியில் அந்தப் பையன் ஆடிய ஆட்டத்தைப் பார்த்து அரங்கமே அவன் பக்கம் சாய்ந்தது. அதனால்தான் கோல்டன் ஸ்டேட் அணியில் ஒப்பந்தம் கிடைத்தது. 2012 பிப்ரவரியில் நியூயார்க்கைக் கிறுக்குப் பிடிக்க வைத்த ஜெரமி லின் அவர்தான். வேகஸின் அந்தக் கால்பகுதி நடந்திருக்காவிட்டால் பிப்ரவரி நடந்திருக்குமா என்பது சந்தேகம்.

2017-ல் டோனோவன் மிட்செல் ஒரு ஆட்டத்தில் 37 புள்ளி எடுத்தார். அது கானல்நீர் இல்லை. அந்த சீசனிலேயே யூட்டாவின் முதன்மை ஆட்டக்காரர் ஆகிவிட்டார். அடுத்த வருடம் கெவின் நாக்ஸ் நியூயார்க்குக்காக ஆட்டத்துக்கு 21 புள்ளிக்கு மேல் எடுத்தார். அவர் நிலைக்கவில்லை, அணி மாறி மாறிப் போனார். புள்ளிக்கணக்கு மட்டும் பார்த்தால் இந்த இருவரையும் பிரிக்க முடியாது.

எதைப் பார்த்தால் பிரிக்கலாம்? வெம்பன்யாமாவின் அந்த மோசமான முதல் ஆட்டத்துக்குத் திரும்பப் போவோம். 13-க்கு 2 என்று சிரித்த நாளில் அவர் 5 எறிகளைத் தடுத்தார். அந்த சீசனில் எறி தடுப்பதில் என்பிஏவிலேயே முதலிடம் யாருக்கு? அவருக்குத்தான். பந்து விழுகிறதா இல்லையா என்பதில் அதிர்ஷ்டத்துக்குப் பெரிய பங்கு. கை எவ்வளவு நீளம், சரியான நேரத்தில் சரியான இடத்தில் நிற்கிறானா, சக வீரன் ஓடப்போகிற இடம் அவனுக்கு முன்பே தெரிகிறதா என்பதில் அதிர்ஷ்டத்தின் பங்கு குறைவு.

லான்சோவும் யங்கும்கூட இதைத்தான் சொல்கிறார்கள். லான்சோ முதல் சீசனில் எறிந்ததில் 36 சதவீதம்தான் போட்டார், அந்தக் குறை உண்மையானது. யங்கும் முதல் சீசனில் மூன்று புள்ளியில் 32 சதவீதம்தான். ஆனால் இருவருக்கும் பந்தைக் கொடுக்கிற கண் இருந்தது. யங் அந்த முதல் சீசனிலேயே ஆட்டத்துக்கு 8 அசிஸ்ட். முதல் ஆட்டம் பொய் சொல்லவில்லை. நாம்தான் அதனிடம் ஒரே ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு எழுந்து போனோம்.

யாருக்கு நிஜமான பரீட்சை?

முதல் வரிசையில் எடுக்கப்பட்டவனுக்கு ஜூலையில் என்ன ஆனாலும் ஒப்பந்தம் உறுதி, கோடிக்கணக்கில் பணம் உறுதி. நாம் அவனைப் பற்றித்தான் சண்டை போடுகிறோம். உண்மையில் அந்த அரங்கில் வயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டு ஆடுபவர்கள் பெஞ்சின் கடைசியில் இருப்பவர்கள்.

2015-ல் டல்லஸ் அணி 52-வது ஆளாக எடுத்த சத்னம் சிங் பமாரா நினைவிருக்கிறதா? பஞ்சாபின் பல்லோ கே கிராமத்துப் பையன், 7 அடிக்கு மேல் உயரம், இந்தியாவில் பிறந்து என்பிஏ டிராஃப்டில் எடுக்கப்பட்ட முதல் ஆள். அந்த ஜூலையில் வேகஸில் டல்லஸ் சட்டை போட்டு ஆடினார். அவர் இறங்குகிற சில நிமிடங்களுக்காக இந்தியாவில் தூக்கம் விழித்தவர்கள் உண்டு. என்பிஏ சீசன் ஆட்டம் ஒன்றில்கூட அவரால் இறங்க முடியவில்லை. அவரைப் போன்றவர்களுக்கு சம்மர் லீக்தான் என்பிஏ. அந்தச் சில நிமிடங்கள்தான் மொத்தமும்.

2017-லிருந்து டூ-வே ஒப்பந்தம் என்று ஒன்று வந்தது. பாதி நாள் என்பிஏவில், பாதி நாள் ஜி லீகில். முதலில் அணிக்கு இரண்டு இடம், 2023-லிருந்து மூன்று. அந்தக் கடைசி இடங்களுக்கான நேர்முகத் தேர்வுதான் ஜூலை. அங்கே ஒரு நல்ல வாரம் ஒருவனுக்கு ஒரு வருடச் சம்பளம். வேகஸில் வாய்ப்பு கிடைக்காமல் போனாலும், பார்வையாளர் வரிசையில் வெளிநாட்டு அணிகளின் ஆட்களும் உட்கார்ந்திருப்பார்கள். துருக்கியிலோ ஸ்பெயினிலோ ஒரு வேலை கிடைக்கலாம்.

ஆக, ஆர்லாண்டோவில் கதவைச் சாத்திக்கொண்டு பார்த்த அந்த நிர்வாகிகள் தேடியதும், டிக்கெட் வாங்கி நாம் தேடுவதும் ஒன்று இல்லை. அவர்கள் 13-வது, 14-வது ஆளைத் தேடினார்கள். அதற்குச் சம்மர் லீக் நல்ல கருவி. நாம் முதல் ஆளைத் தேடுகிறோம். அதற்கு அந்தக் கருவி பத்தாது.

பழமொழிக்கு வருவோம். விளையும் பயிர் முளையிலே தெரியும் என்பது விவசாயி சொன்னது. அவர் தினமும் வரப்பில் நின்று பார்க்கிறவர். எந்த மண், எவ்வளவு தண்ணீர், போன வருடம் என்ன விதைத்தோம் எல்லாம் அவருக்குத் தெரியும். ஒரே ஒரு நாள் பஸ் ஜன்னல் வழியாக வயலைப் பார்த்தவர் அந்தப் பழமொழியைச் சொன்னால் எப்படி? நாம் ஜூலையில் செய்வது அந்த பஸ் ஜன்னல் வேலைதான்.

அடுத்த ஜூலையிலும் பார்ப்பேன், ஆர்வம் குறையவில்லை. ஆனால் இனி பந்து வலைக்குள் விழுந்ததா என்று பார்ப்பதற்கு முன்னால், அவன் வயது என்ன, இது அவனுக்கு முதல் கோடையா இரண்டாவதா, பந்து கையில் இல்லாதபோது எங்கே நிற்கிறான் என்று மூன்று கேள்வி கேட்டுக்கொள்வதாக முடிவு. தீர்ப்பை ஒரு வருடம் தள்ளிவைக்கலாம். பையனுக்கு வயது 19தானே.